நான் எழுதிய பதினான்கு முறைப்பாடுகள்

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் வலது கையில் பாதி கட்லட் இருந்தது. இடது கையில் மீளாய்வுக் கையேடு. நான்காம் பகுதி, நிறுவன நேர்மை. மாணவர்களின் முறைப்பாடுகளை நிறுவனம் எப்படிப் பெறுகிறது, எப்படிப் பதிகிறது, எப்படித் தீர்க்கிறது என்பதற்குச் சான்று காட்டச் சொல்லியிருந்தது. எதிரே மேசையில் எங்கள் கல்லூரியின் முறைப்பாட்டுப் பதிவேடு கிடந்தது. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. முதல் பக்கத்தில் கோடு கிழித்துத் தலைப்புகள் எழுதியிருந்தார்கள். மிச்சம் எல்லாம் வெறும் தாள். ஐந்து வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லையாம்.

இதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். நினைத்த கையோடு, நம்பும்படி செய்துவிட்டால் போச்சு என்றும் நினைத்தேன். கட்லட்டை முடிக்கவில்லை, பேனையை எடுத்துவிட்டேன்.

எனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. வேலைக்கால நினைவுகளை எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபதைத் தாண்டியவர்கள். நான் ஒன்பது வருஷத்தில் முடித்துக்கொண்டேன். பிரியாவிடை நாளில் கணக்கியல் படிப்பிக்கும் ராஜன் அண்ணை, "பென்சன்காரிக்கு ஒருக்காக் கைதட்டுங்கோ" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். வேறு வேலை தேடுவேன். இந்த வேலைக்குத் திரும்பமாட்டேன். ஆகவே ஓய்வு என்ற சொல் எனக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் எடுத்தார்கள். அவர்களுக்கும் மீள் அங்கீகாரத்துக்கான மீளாய்வு வருகிறது. "அக்கா, உங்கட முறைப்பாட்டுப் பதிவேட்டை மீளாய்வுக் குழு ஆக்களே மெச்சினவையாம். அந்த ஃபோமட்டை எங்களுக்கு அனுப்புவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எத்தனை முறைப்பாடு போட்டால் அளவாக இருக்கும் என்றும் கேள் என்று மற்றவள் பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை. இதைத்தான் அவர்களுக்கு அனுப்பப்போகிறேன்.

பல்கலைக்கழகத்தை முடித்து, கிருலப்பனை வீட்டில் மூன்று மாதம் வேலை விளம்பரம் பார்த்துச் சலித்து, வெள்ளவத்தையில் அந்தக் கல்லூரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலு மாடிக் கட்டடம். கரையோர ரயில் போகும்போது மேல்மாடி விரிவுரையாளர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ரயில் போனதும் விட்ட சொல்லில் தொடங்குவார்கள். முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாதான் எங்களுடைய பெரிய பாடநெறி. இரண்டாம் வருஷம் தர உறுதிப்பாட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி என்னை அதில் போட்டார்கள். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும் ஒரு இரும்பு அலுமாரியும். முதல் அங்கீகாரத்தை வாங்கினோம், அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும் என்றார்கள். பழகின காலம் அவ்வளவுதான். மிச்சத்தை மிஸ் பிலோமினாவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ் பிலோமினா எங்கள் பதிவாளர். கொட்டாஞ்சேனைக்காரி, துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவரின் மகள். கையெழுத்துப் போடுவதென்றால் கதிரையிலிருந்து எழும்பி நின்றுதான் போடுவார். இருந்துகொண்டு போட்டால் கை சோம்பலாகிவிடுமாம். எந்தத் தாளையும் ஒரு மரக் கோலை வரிக்குக் கீழே வைத்து, வரிவரியாக இறக்கி வாசிப்பார். கூட்டறிக்கையில் 'எல்லோரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதிக் கொண்டுபோனால், கோல் அந்த இடத்தில் நின்றுவிடும். எல்லோரும் என்றால் எத்தனை பேர், பிள்ளை? எழும்பிப்போன ஆள் எந்த நேரம் போனது? குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் பயம்.

ஒருமுறை பணிப்பாளரின் உறவுக்காரப் பெடியன் ஒருவனுக்கு ஒரு பாடத்தில் இரண்டு புள்ளி குறைந்தது. பணிப்பாளர் தானே இறங்கி வந்து மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றார். மிஸ் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. விடைத்தாளை எடுத்து அவருக்கு முன்னால் விரித்து, எந்தக் கேள்விக்குக் கூட்டவேண்டும் என்று காட்டும்படி கேட்டார். பணிப்பாளர் ஐந்து நிமிஷம் தாளைப் புரட்டிவிட்டு, நல்ல வெயில் என்று சொல்லிக்கொண்டு மேலே போய்விட்டார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அந்தக் கதையை வீட்டில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். வந்தால் இப்படி ஒரு ஆளாக வரவேண்டும் என்று நினைத்தேன்.

ஆகவே முதல் ஐந்து முறைப்பாடுகளைப் பென்சிலால் எழுதியதும் அவரிடம்தான் கொண்டுபோனேன். கோலை வைத்து ஐந்தையும் வாசித்தார். இது நடந்ததா என்று கேட்டார்.

"நடந்தது மிஸ். ரெண்டாம் மாடி ஃபேன் சுத்தேல்ல எண்டு வாசல்ல வந்து கத்தினவை தானே? நாங்கள் திருத்தியும் குடுத்தனாங்கள். ஆனா எழுதேல்ல. நான் நடக்காததை எழுதேல்ல மிஸ், எழுதாததை எழுதுறன்."

அந்த வசனம் எனக்கே நன்றாகப் பிடித்திருந்தது. மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மீள் அங்கீகாரம் கிடைக்காவிட்டால் புது வகுப்பு எடுக்க முடியாது. புது வகுப்பு இல்லாவிட்டால் நாற்பது பேரின் வேலை. அவர் ஓய்வுக்கு ஒரு வருஷமும் இருக்கவில்லை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர்களை எங்கே எடுப்பது என்று மட்டும் கேட்டார். படித்து முடித்துப் போன வகுப்புகளிலிருந்து என்றேன். கோலை மேசை லாச்சிக்குள் வைத்தார். "கவனமா எழுதுங்கோ" என்றார்.

கவனமாக எழுதினேன். என் ஒன்பது வருஷத்தில் இவ்வளவு கவனமாக ஒன்றையும் செய்ததில்லை. மூன்று பேனை வைத்துக்கொண்டேன், ஒன்று மை கொஞ்சம் வற்றினது. சரிந்த எழுத்து, உருண்டை எழுத்து, பயந்த எழுத்து. திகதி போடும்போது கலண்டரைப் பக்கத்தில் வைத்து, ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் வராமல் பார்த்தேன். போயா நாளில் பூட்டின கந்தோரில் யார் முறைப்பாடு கொடுப்பது? குழாய் ஒழுகுகிறது, நேரசூசி பிந்தி ஒட்டப்படுகிறது, நூலகத்தில் புத்தகம் போதாது. ஒவ்வொன்றுக்கும் எடுத்த நடவடிக்கை, தீர்த்த நாள், மாணவரின் திருப்தி. பதின்மூன்றாவதை எனக்கே எதிராக எழுதினேன். தர உறுதிப்பாட்டுப் பிரிவில் உள்ள மிஸ் மிக வேகமாகக் கதைப்பதால் சொல்வது விளங்கவில்லை. நடவடிக்கை: சம்பந்தப்பட்டவர் அறிவுறுத்தப்பட்டார். ராஜன் அண்ணை அதை வாசித்துவிட்டு, பதினாலில் இது ஒன்றுதான் உண்மை என்றார்.

முதல் ஐந்தும் நடந்தவை. அடுத்த ஐந்தும் நடந்திருக்கக்கூடியவை. கடைசி நாலும் சுத்தப் பொய். எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினேன் என்று இப்போது தேடிப்பார்க்கிறேன், தெரியவில்லை. எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

பதிவேடு மட்டும் போதாது, நடைமுறை ஒன்றும் வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கத்தில் அதையும் நானே எழுதினேன். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். சம்பவம் நடந்து இருபத்தொரு நாட்களுக்குள் கிடைக்கவேண்டும். கிடைத்த நாளிலேயே பதிவேட்டில் ஏறவேண்டும். பதிவேட்டில் இல்லாத முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்படமாட்டாது. இந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை. கம்பீரமாக இருக்கிறதே என்று போட்டிருப்பேன். விளம்பரப் பலகையில் ஒட்டினோம். சுய மதிப்பீட்டு அறிக்கையில், கிடைத்தவை பதினான்கு, தீர்க்கப்பட்டவை பதினான்கு என்று எழுதி அனுப்பினோம்.

குழு வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன் கட்டடம் முழுக்கச் சுத்தம் செய்தோம். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அலுமாரிகளுக்கு மேலே, மேசைகளுக்குக் கீழே, மூலையிலே இருந்த பழைய தாள்களையெல்லாம் சாக்கில் கட்டி, பழைய பேப்பர்காரனுக்கு ஏற்றி விட்டோம். இரண்டு லொறி. நான்தான் படிக்கட்டில் நின்று கெதியாகக் கெதியாக என்று விரட்டினேன்.

அந்தச் சாக்கு ஒன்றில் ஷிஃபானாவின் குறிப்பேடு போயிருக்கவேண்டும்.

ஷிஃபானா மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து வரும் மாணவி. வகுப்பில் முதலாம் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. எங்கள் டிப்ளோமாவில் ஒரு தவணை முழுக்க ஒரு முன்பள்ளியில் இருந்து, பிள்ளைகளைப் பார்த்து, பார்த்ததை நாள்வாரியாக எழுதவேண்டும். அவதானக் குறிப்பேடு என்போம். அது இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. அவள் கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் இருந்து எழுதினாள். அங்கே பொறுப்பாக இருந்த டீச்சருக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. ஜனவரிக்கு முன் சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

குறிப்பேட்டைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். ஷிஃபானா வந்த நேரம் அந்தத் தாள் நிரம்பியிருந்தது. புதுத் தாளில் பிறகு வைக்கலாம், கொப்பியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போங்கோ என்று கொப்பிகளை வாங்கும் கருமபீடத்தில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். அவள் வைத்துவிட்டுப் போனாள். முடிவுகள் ஒட்டியபோது அவளுடைய பெயருக்கு எதிரே 'முழுமையற்றது' என்று இருந்தது.

மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தாள். ஒற்றைத் தாளில், இரண்டு பக்கமும் எழுதிய கடிதம். "பலகைல போட்டீக்கிற மாதிரியே எழுதினேன் மிஸ். சரியான்னு பாருங்க" என்று தந்தாள். நான் எழுதிய நடைமுறையை இந்த உலகத்தில் ஒழுங்காக வாசித்த முதல் ஆள் அவள்தான். கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. திகதி, நேரம், கொப்பி மட்டையின் நிறம், அதை வைத்த அலுமாரி எல்லாம் இருந்தது.

பதினைந்தாவது. அதை எழுதினால் அறிக்கையில் உள்ள பதினான்கு பொய்யாகும். தீராதது ஒன்று இருக்கிறது என்று ஆகும். குழு வர இன்னும் பதினொரு நாள். கடிதத்தை மிஸ் பிலோமினாவிடம் கொண்டுபோனேன். அவர் கோல் வைத்து இரண்டு தரம் வாசித்தார். குழு வந்து போகட்டும், அடுத்த நாளே முதல் வேலையாக இதைப் பதிந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி செய்வோம் என்றார். கடிதத்தை லாச்சியில் வைத்துப் பூட்டினார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நானும் மனதாரத்தான் தலையாட்டினேன். ஷிஃபானாவிடம் போய், குடுத்தாச்சு, பார்க்கிறோம் என்றேன். குழு வரும் நாளில் ஆட்கள் கூடுதலாக இருப்பார்கள், அன்றைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னேன். சரி மிஸ் என்றாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு சிங்களப் பேராசிரியர், வயதானவர், மெல்லத்தான் பக்கம் புரட்டுவார். தமிழ் தெரிந்த உறுப்பினர் பக்கத்தில் இருந்து பதிவேட்டை மொழிபெயர்த்தார். பதின்மூன்றாவது வந்தபோது தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தங்களைப் பற்றிய குறையையே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். "ஹரிம அவங்கய்" என்றார். மிகவும் நேர்மையாக இருக்கிறதாம்.

பிறகு கேட்டார், இப்போது விசாரணையில் உள்ள முறைப்பாடு ஏதும் உண்டா என்று. நான் இல்லை என்றேன். சிங்களத்தில் ஒரே சொல்தான், "நே". மிஸ் பிலோமினா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

மீள் அங்கீகாரம் கிடைத்தது. அறிக்கையில் எங்கள் பதிவேட்டை ஒரு நல்ல முன்மாதிரி என்று தனியாகக் குறிப்பிட்டார்கள். பாற்சோறு வந்தது, கேக் வந்தது, பணிப்பாளர் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அடுத்த நாள் முதல் வேலை என்று சொன்னது அடுத்த வாரம் ஆனது. எழுதினால் எந்தத் திகதியைப் போடுவது என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினை. அவள் தந்த நாளைப் போட்டால் குழுவுக்குச் சொன்னது பொய் என்று அந்தக் கொப்பியே சொல்லும். இன்றைய நாளைப் போட்டால் இருபத்தொரு நாள் தாண்டிவிட்டது. அதற்குள் பரீட்சைச் சபை கூடிவிட்டது.

சபையில் பணிப்பாளர், இரண்டு விரிவுரையாளர்கள், மிஸ் பிலோமினா, கூட்டறிக்கை எழுத நான். ஷிஃபானாவையும் கூப்பிட்டிருந்தார்கள். கறுப்பு அபாயா, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். குறிப்பேட்டைக் கொடுத்தேன், காணவில்லை என்றபோது முறைப்பாடும் கொடுத்தேன் என்று சொன்னாள். பணிப்பாளர் கோபக்காரர் இல்லை, பதினான்கின் கதையும் அவருக்குத் தெரியாது. பதிவேட்டைப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். நான் திறந்து, கடைசிப் பதிவு பதினான்கு என்றேன்.

"அப்ப உங்கட முறைப்பாடு இதில இல்லையே மகள். வந்திருந்தா இருக்கவேணும். இந்தப் பதிவேட்டைத்தானே குழுவே மெச்சினது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். "ஆரிட்டக் குடுத்தீங்கள்?"

ஷிஃபானா என்னைப் பார்த்தாள். நான் பேனையைப் பார்த்தேன்.

"ஞாபகமில்ல சேர்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். பணிப்பாளர் நடைமுறைத் தாளை எடுத்து, நான் எழுதிய கடைசி வரியை உரக்க வாசித்தார். பாடநெறியைத் திரும்பப் பதிந்து, செய்முறைப் பயிற்சியை இன்னொரு தவணை செய்யலாம் என்று தீர்மானமானது. நான் அதை எழுதினேன். 'சபை ஏகமனதாகத் தீர்மானித்தது' என்று எழுதி, மிஸ்ஸிடம் நீட்டினேன். எழும்பி நின்று கையெழுத்துப் போட்டார். முதல் தடவையாகக் கோல் இல்லாமல், வாசிக்காமல் போட்டார்.

படிக்கட்டில் வைத்துத்தான் பேசினோம்.

"நான் உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தனான், பிள்ளை. நீங்க சொல்லுவீங்க எண்டு."

"நான் உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தனான், மிஸ்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மூன்று வாரத்தில் கடிதம் கொடுத்து விலகினேன். காரணம் என்ற இடத்தில் 'தனிப்பட்டது' என்று எழுதினேன். எவ்வளவு நேர்மை பாருங்கள், வெளியே போகும்போதும் ஒரு பொய். கடைசி நாளில் மிஸ் பிலோமினா ஒரு உறை தந்தார். வாழ்த்து மடல் என்று நினைத்தேன். உள்ளே ஷிஃபானாவின் கடிதம் இருந்தது. மேல் மூலையில் பென்சிலால், அதைப் பெற்ற நாளும் அவருடைய சுருக்கக் கையெழுத்தும். அன்றைக்கே போட்டு வைத்திருக்கிறார்.

அந்த உறையை இரண்டு மாதம் அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் அழைப்பு வந்த பிறகுதான் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாளிகாவத்தைக்குப் போனேன். நாலாம் மாடி. அவளுடைய உம்மா கதவைத் திறந்து, கல்லூரி மிஸ் என்றதும் கதிரையில் கிடந்த உடுப்பை அள்ளி இடம் செய்து தந்து, தேத்தண்ணி போடப் போனார். ஷிஃபானா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பொதி கட்டும் வேலையில் இருக்கிறாள். கொலன்னாவை வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இன்னொரு தவணை செய்யவில்லையா என்று கேட்டேன். வாப்பாவுக்குச் சுகமில்லை, திரும்பத் தொடங்க வசதிப்படாது என்றாள்.

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கட வேல போயிரும்னு நெனச்சேன் மிஸ். நீங்க ஏதோ ஒரு காரணத்துக்குத்தான் சும்மா ஈக்கிறீங்கன்னு நெனச்சேன்."

என்னால் அங்கே சும்மா இருக்க முடியவில்லை. என் குணம் அப்படி. உடனே ஒரு வழி சொன்னேன். குறிப்பேட்டைத் திரும்ப எழுதுவோம். ஒரு பழைய கொப்பி எடுப்போம், நினைவில் இருப்பதை நீங்கள் சொல்லுங்கள், திகதிகளை நான் போட்டுத் தருகிறேன், லீவு நாள் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். தாள்களுக்கு இடையில் கிடந்தது கிடைத்துவிட்டது என்று கொடுக்கலாம். இரண்டு வாரம் போதும். சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் ஏறியது. பேனை நிறம் வரைக்கும் போய்விட்டேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அந்த முன்பள்ளியில் ஒரு சின்னப் பையன், யாரோடும் கதைக்கமாட்டானாம். முற்றத்துத் தண்ணீர்க் குழாயோடு மட்டும் கதைப்பானாம். அவள் தினமும் அவனுக்குக் கிட்டப் போய் நின்று, அவன் குழாய்க்குச் சொன்னதையெல்லாம் எழுதிவந்தாளாம். கடைசிக் கிழமையில் ஒரு நாள் அவன் திரும்பி அவளைப் பார்த்து, "டீச்சர், தண்ணி வரல்ல" என்றானாம்.

"அது எந்த நாள்னு எனக்கு இப்ப தெரியா மிஸ். புதன்னு நெனக்கிறேன். தெரியாம ஒரு நாளப் போட்டா அது அவன்ட கத இல்லையே. எனக்கு வாணாம்."

சண்டை பிடிப்பது போலச் சொல்லவில்லை. விலை சரியில்லை என்று கடையில் சேலையை மடித்து வைப்பது போலச் சொன்னாள். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார், பிஸ்கட்டும் வைத்தார். நான் குடித்தேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தச் சின்ன அறையில் எங்களோடு இருந்தது. யாரும் கேட்காமலே, யாரும் விரட்டாமலே, மறுபடியும் ஒரு பொய்க் கொப்பி எழுதக் கிளம்பியிருந்தேன். அதுவும் இந்தத் தடவை நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து மூன்று பக்கக் கடிதம் எழுதினேன், அங்கீகாரம் வழங்கும் அலுவலகத்துக்கு. பதினான்கு பதிவுகளையும் வரிசையாகப் போட்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்தக் கையெழுத்து என்னுடையது என்று எழுதினேன். விசாரணையில் எதுவும் இல்லை என்று குழுவிடம் நான் சொன்னதையும், சபையில் பேசாமல் இருந்ததையும் எழுதினேன். ஷிஃபானாவின் கடிதத்தின் பிரதியை இணைத்தேன். இதனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கீகாரத்தை நிறுத்தலாம். ராஜன் அண்ணைக்கு இரண்டு பிள்ளைகள். இப்போது படித்துக்கொண்டிருக்கிறவர்கள் என்னைத் தேடி வந்து கேட்கலாம். எழுதிவிட்டு இரண்டு நாள் அதைக் கொடுக்காமல் இருந்ததற்கு அவர்களும் ஒரு காரணம், பயமும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் மிஸ் பிலோமினாவுக்கு எடுத்தேன். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கடிதத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். வேகமாக வாசிக்காதீங்கோ என்று இடையில் ஒருமுறை சொன்னார். முடிந்ததும் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார்.

"ரெண்டாம் பக்கத்தில, 'பதிவாளரும் அறிந்திருந்தார்' எண்டு எழுதியிருக்கிறீங்க. பதிவாளர் எண்டா யார்? பேரைப் போடுங்கோ பிள்ளை. இனிஷியலோட, முழுசா."

போடுகிறேன் என்றேன். அவர் மெல்ல வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அந்த அலுவலகம் திறக்கும். கையாலேயே கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்குவேன். கடிதத்தின் முடிவில் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறேன். ஷிஃபானாவின் முறைப்பாட்டை, அவள் அதைத் தந்த நாளிலேயே கிடைத்ததாக எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு கொலன்னாவைக்குப் போய் அந்த டீச்சரிடம், அவள் அந்தத் தவணை முழுக்க அங்கே இருந்தாள் என்று எழுதித் தருவாரா என்று கேட்கவேண்டும். அதற்கு முன்னால், இப்படிக் கேட்கலாமா என்று ஷிஃபானாவிடம் கேட்கவேண்டும். இதுவரைக்கும் நான் அவளிடம் ஒன்றையும் கேட்டுச் செய்ததில்லை. திங்கட்கிழமை பின்னேரமே புறக்கோட்டைக்குப் போய், அவளுடைய கடை மூடும்வரை எதிர்ப்பக்கத்தில் நின்று, முத்திரை வைத்த பிரதியை அவளிடம் நீட்டுவேன். வாங்குவாளோ தெரியாது.